தளை போட்ட கழுதை

முன்னங்கால்கள் இரண்டும் ஒன்றாக மண்ணில் விழும் 'தொப், தொப்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேய விட்ட கழுதை தொலைவுக்குப் போகாதபடி சலவைக்காரர்கள் அதன் முன்னங்கால்களைக் கயிற்றால் தளைத்துவிடுவார்கள். பிறகு அது தத்தித் தத்தித்தான் நகரும்.

சலவைக்காரி சின்னத்தங்கத்தின் கழுதை அப்படித் தத்திப் போய்ப் பாலத்தில் நின்றபோது கௌரவ மாஜிஸ்திரேட் வைத்தீஸ்வரனின் கார் வந்தது. காரை மறித்ததென்று கழுதையைப் பட்டியில் அடைத்தார்கள். அவள் ஊர் அழுக்கைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு கோர்ட்டுக்கும் ஆற்றுக்குமாக நடந்தாள். கோர்ட்டில் வாதியும் அவர்தான், நீதிபதியும் அவர்தான்.

"உன் கழுதை என்னை 'இம்பீட்' செய்தது. இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல், அதை விட்டுவிடுகிறேன்" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"படிச்ச சாமி நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள், சலிப்பாக.

அவருக்கு அது போதும். "மூலம் லத்தீன். காலுக்குத் தளை போடுவது. அதிலிருந்துதான் தடுப்பது என்ற பொருள் வந்தது."

"தளை கெடந்தது எங்க கழுதை காலுலதானே சாமி? உங்க காருக்கு யாரு போட்டா? எறங்கிக் கயித்த அவுத்திருந்தா அதுபாட்டுக்குப் போயிருக்கும். உங்களுக்கு ஆரன் அடிக்கத்தானே தோணுச்சு?"

குமாஸ்தாவே சிரித்துவிட்டார். கழுதை அன்றே வீடு திரும்பியது.

மறு வருஷம், துணி வெளுக்க யாரும் இறங்க முடியாதபடி ஆற்றுத்துறையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். சின்னத்தங்கம் கழுதையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.