மடைமூழ்கி என்றொரு பட்டப்பெயர்

ஏரிகளும் கணக்கில்லாமல், மன்னர்களும் கணக்கில்லாமல் இருந்த ஒரு காலத்தில், வெண்ணாவல் நாட்டை அதிரூப வழுதி என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். அபூர்வப் பொருள் என்றால் அவனுக்கு உயிர். வெள்ளைக் காக்கை, இரட்டைத் தலைத் தேங்காய், ஆறு விரல் குரங்கு என்று அரண்மனையை நிரப்பி முடித்தவன், ஒருநாள் மனிதர்கள் பக்கம் திரும்பினான்.

“நாட்டிலேயே மிகக் குறைந்த பேருக்கு உள்ள குடும்பப் பட்டப்பெயர் எது? எண்ணி வாருங்கள். அந்தப் பெயர்க்காரருக்கு நம் அவையில் முதல் தாம்பூலம்!”

எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எண்ணச் சொல்லியிருக்கலாம். பெயரைத்தான் எண்ணச் சொன்னான். சேவகர்கள் ஊர் ஊராக எண்ணினார்கள். களங்காத்தார் நாலாயிரம் பேர். தேர்வடத்தார் தொண்ணூறு பேர். கடைசியில் பேரேரிக் கரையில் ‘மடைமூழ்கி’ என்ற பட்டப்பெயர் அகப்பட்டது. மொத்தம் மூன்றே பேர்: சிலம்பாயி என்ற பெண், அவள் தம்பி கருத்தான், செவிடாகிப்போன சித்தப்பா.

அதுவரை முதல் தாம்பூலம் வாங்கி வந்தவர் சர்வாலங்கார ராயர். அவருக்கு வயிறு எரிந்தது. மூன்றே நாளில் ஒரு பழைய ஓலையைப் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார்.

“மன்னா, என் கொள்ளுப்பாட்டனார் அரச குடும்பத்தோடு மடையில் மூழ்கி நீராடியவர். அதனால் வந்த பட்டம் இது. ஏரிக்கரைக் கூட்டம் திருடிவிட்டது!”

“அதானே! அபூர்வமான பெயர் குடிசையில் எப்படி முளைக்கும்?” என்றான் மன்னன். “அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். ராயர் சொல்வது மெய்யானால் அவள் குடும்பத்துக்குப் பெயரும் இல்லை, மடைக்குக் கீழே உள்ள காணி நிலமும் இல்லை. நாட்டை விட்டே போகட்டும்.”

சிலம்பாயி வந்தபோது வெளியே ஐந்தாம் நாள் மழை. சேலைக் கரையில் சேறு. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, அன்று மூழ்க வேண்டியவள் அவள்தான். இந்த ராயரோடு வாதாடினால் பொழுது போய்விடும், ஏரி காத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

“ஏ பெண்ணே, பதில் சொல்!” என்று அதட்டினார் ராயர்.

“ராயர் சொல்வது அத்தனையும் சரி, மகாராஜா.”

அவை வாயைப் பிளந்தது. “சரியா?” என்றார் ராயர். அவருக்கே நம்ப முடியவில்லை.

“சரிதான். அப்படியானால் நீங்கள் எனக்குப் பெரியப்பா முறை. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள், பெரியப்பா? குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள் இருக்க, நாங்கள் பெயரைச் சுமக்கலாமா? முறைப்படி இப்போதே உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.”

மடியில் முடிந்திருந்த பச்சரிசியை அவள் அவிழ்த்தாள். அட்சதை என்று நினைத்து ராயர் தலையைக் குனிந்தார்.

“தலையில் இல்லை, பெரியப்பா. வாயைத் திறவுங்கள்.”

பட்டம் கிடைக்கிறதென்றால் ராயர் எதையும் திறப்பார். மூன்று முறை அரிசி விழுந்தது. உடனே சிலம்பாயி கூந்தலை அவிழ்த்துப் போட்டாள், மாரில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் பெரியப்பா! பட்டுச் சால்வை போர்த்திய மேனியை மீன் கொத்தப்போகிறதே!”

“அடி, எதற்கு அழுகிறாய்?” என்றான் மன்னன்.

“வாய்க்கரிசி போட்டால் அழ வேண்டாமா, மகாராஜா?”

ராயரின் கன்னம் அரிசியோடு அப்படியே நின்றது.

“உயிரோடு இருப்பவனுக்கா வாய்க்கரிசி?” என்றான் மன்னன்.

“எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். ஏரி தளும்பினால், கரை உடையுமுன் ஒருவர் மூழ்கி மடைக்கல்லைப் பிடுங்க வேண்டும். கல் பெயர்ந்ததும் தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். உடல் கிடைக்கிறதோ இல்லையோ என்று முன்னாலேயே போட்டுவிடுவோம். அதனால்தான் மடைமூழ்கி. என் தாத்தாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். அப்பாவோடு பிறந்தவர்கள் நான்கு பேர். இப்போது நாங்கள் மூன்று பேர். எண்ண வந்த உங்கள் ஆட்கள், ஏன் மூன்று என்று கேட்கவில்லையே! எழுந்திருங்கள், பெரியப்பா. ஏரி கூப்பிடுகிறது.”

“தூ! தூ!” அரிசி அவையெங்கும் தெறித்தது. “நான் யாருக்கும் பெரியப்பா இல்லை! ஓலை பொய், மன்னா! என் கொள்ளுப்பாட்டனார் வெந்நீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை!”

மன்னன் மகுடம் சரியச் சிரித்தான். சிலம்பாயி சிரிக்கவில்லை. ஏரிக்கு ஓடினாள். வேடிக்கை பார்க்க மன்னனும் பின்னால் போனான். அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை ராயர் கையில் கொடுத்து, “விட்டீரோ, அடுத்து நீர்தான்” என்றான்.

அவள் மூழ்கினாள். சேற்றுத் தண்ணீர் மூடிக்கொண்டது. கயிறு விறைத்தது, ராயர் உள்ளங்கை உரிந்தது. மன்னன் முகத்தில் சிரிப்பு வற்றியது. வெகுநேரம் கழித்து மடையின் மறுபுறம் வெள்ளம் பீறிட்டது. சற்றுத் தள்ளி ஒரு தலை எழுந்தது.

“அபூர்வப் பிறவி நீ! முதல் தாம்பூலம் உனக்குத்தான். ஏறி வா!” என்று கத்தினான் மன்னன்.

“தாம்பூலம் கிடக்கட்டும். கரைமேல் நின்றபடியே கல்லைத் தூக்க, இரண்டு தூணும் ஓர் இரும்புக் கம்பியும் நட்டுத் தருவீர்களா? என் தாத்தா கேட்டார், அப்பா கேட்டார். தருவேன் என்று சொன்னால் ஏறுகிறேன்.”

“அப்புறம் யாரும் மூழ்க வேண்டாமே. நீங்கள் பெருகிவிடுவீர்கள். பெயரின் அபூர்வம் போய்விடுமே!”

“போகட்டும்.”

“சரியென்று சொல்லிவிடுங்கள், மன்னா! கை போகிறது!” என்று அலறினார் ராயர்.

மன்னன் சொன்னான். அந்த வாரமே தூண்கள் வந்தன. அவற்றைச் சுமந்த கூட்டத்தில், அரச கட்டளைப்படி, முதல் தோள் ராயருடையது. போகிற வழியெல்லாம் ஊர்ப் பெண்கள், “பெரியப்பா, பார்த்து, பார்த்து!” என்றார்கள்.

முப்பது ஆண்டு கழித்துக் கிழ மன்னன் மறுபடியும் எண்ணச் சொன்னான். மடைமூழ்கி, இருபத்தாறு பேர்.

“ச்சே, இவ்வளவு சாதாரணமாகிவிட்டதே!” என்று அலுத்துக்கொண்டான்.

“இருபத்தேழுக்கு இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள், மகாராஜா,” என்றாள் சிலம்பாயி. “காலையிலிருந்து என் மருமகளுக்கு வலி கண்டிருக்கிறது.”