விரல் நுனியில் இரண்டு துடிப்பு

வல்லன்குளம் என்ற ஊரில் நாடி பார்த்துவந்த திருமலைக்கொழுந்து, தன் ஐம்பத்திரண்டாவது வயதில் மருந்துப் பெட்டியைப் பூட்டினார். சாவியைக் குளத்தில் எறிந்தார். பிறகு பொதிகை அடிவாரத்தை நோக்கி நடந்தார்.

அங்கே ஆற்றங்கரையில் உலகம்மை என்றொரு வைத்தியச்சி இருந்தார். நாற்பது வயதுகூட நிறையவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் சமவெளியிலிருந்து ஏறி வருகிறவர்களும் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள். தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர் முன்னால் கொழுந்து கைகூப்பி நின்றார்.

"படிக்க வரலை அம்மா. தண்ணி சுமக்கேன், விறகு பிளக்கேன். ஒரு வேளை சோறு போதும்."

"இதுக்கு முன்னால என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க அண்ணாச்சி?"

"நாடி பாத்தேன். இப்ப பாக்கதில்லை."

"ஏன்?"

கொழுந்து சொன்னார். முந்தின ஐப்பசியில் ஆவுடை என்ற நெசவுக்காரப் பெண் காய்ச்சலோடு வந்தாள். நாடி பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவள் புருஷனே வந்து, "நீங்க என்ன செய்வீங்க, விதி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. யார் கையைப் பிடித்தாலும் அவர் விரல் நுனிகள் படபடவென்று துடித்தன. நோயாளியின் நாடி எது, தன் விரலின் துடிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. கையை விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"நான் எதுக்கும் ஆகாதவன் அம்மா."

உலகம்மை அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்க நாடியை நீங்களே பிடிங்க."

பிடித்தார்.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான் எதுக்கும் ஆகாதவன்."

"என்ன செய்யுது?"

"துள்ளுது."

"எங்கேயிருந்து துள்ளுச்சு?"

கொழுந்து மணிக்கட்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"தெரிஞ்சதும் வாங்க. அதுவரைக்கும் தண்ணி சுமங்க."

அவர் தண்ணீர் சுமந்தார். குடத்தை இறக்கிவைக்கும் போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எட்டாம் நாள் வந்து நின்றார்.

"நெஞ்சுல இருந்து வருது அம்மா."

"அதுக்கு முன்னால?"

போய்விட்டார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்.

"வயித்துல. தொப்புளுக்கு மேல ஒரு பிடி பிடிக்குது. பிறகுதான் நெஞ்சு, பிறகுதான் விரல்."

"அதுக்கும் முன்னால?"

இந்த முறை ஒரு மாதம் ஆயிற்று. ஆனி மாதச் சாரல் விழத் தொடங்கியிருந்தது. மூலிகை காயவைக்கும் பரணுக்குக் கீழே உலகம்மை வேர் இடித்துக்கொண்டிருந்தார். கொழுந்து நனைந்தபடி வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சொல்லுல ஆரம்பிக்குது அம்மா. ஆவுடைனு அந்தப் பேரு வருது. பின்னாலயே, 'நீ கொன்னுட்டே'னு ஒண்ணு வருது. அதுக்கு அப்புறம்தான் வயிறு."

"யாரு சொல்லுதா அதை?"

"யாரும் சொல்லலை. தானா வருது."

"வந்து?"

"முன்னெல்லாம் அது வந்தா நான் அதுவாவே ஆயிருவேன். இப்ப வரதையும் பாக்கேன், வயிறு இறுகுததையும் பாக்கேன். பாத்துக்கிட்டே இருந்தா, வயலுக்குப் பாஞ்ச தண்ணி வடியுத மாதிரி வடிஞ்சிருது. மறுபடியும் வருது. மறுபடியும் வடியுது."

உலக்கை நின்றது.

"வடிஞ்ச பிறகு என்ன இருக்கு அண்ணாச்சி?"

கொழுந்து அந்தக் கேள்வியை ஆற்றுக்கு எடுத்துப் போனார்.

விடியும் நேரம். நீருக்கு நடுவே ஒரு பாறையில் அமர்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். சொல் வந்தது, போயிற்று. வயிறு இறுகியது, தளர்ந்தது. விரல் மட்டும் மணிக்கட்டிலேயே இருந்தது. அப்போது காதுக்குள் ஒரு தட்டு கேட்டது. பிறகு நாக்கின் அடியில். பிறகு பாறையில் பதிந்திருந்த உள்ளங்காலில். ஒரே தட்டு. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில், யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல்.

வருஷக்கணக்காகப் பிறர் கையில் எதைத் தேடினாரோ, அது தன் தோலுக்கு அடியில் இத்தனை காலமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஆவுடை இறந்த அன்றும் நடந்தது. சாவியைக் குளத்தில் எறிந்தபோதும் நடந்தது. ஆகாதவன், ஆகாதவன் என்று அவர் தன்னையே ஏசிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், அவரை ஒரு நொடிகூடக் கைவிடாமல் நடந்தது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாறையிலேயே கவிழ்ந்து விழுந்து கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

அன்றும் அவர் தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார்.

ஆடி பிறந்து நாலாம் நாள் மதியம், மலையில் எங்கோ கனத்த மழை பெய்து காட்டாறு வந்தது. மூங்கில் வெட்டப் போயிருந்த மாடக்கண்ணு என்பவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு வளைவுக்குக் கீழே மரவேரில் சிக்கிக் கிடந்தவனை எடுத்து, கயிற்றுக்கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவனுடைய பெண்டாட்டி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

உலகம்மை அவனைக் கவிழ்த்து நீரை வெளியேற்றினார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் கைவைத்தார். கணுக்காலில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

அவனுடைய அண்ணன் கேட்டான்:

"சொல்லிருங்க அம்மா. நாங்க அழுதுரட்டுமா?"

உலகம்மை கையை எடுத்தார்.

"எனக்குக் கிடைக்கலை."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகம்மை திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க பாருங்க."

"அம்மாவுக்கே கிடைக்கலைனா..."

"எனக்குக் கிடைக்கலைனுதான் சொன்னேன்."

கொழுந்து முழந்தாளிட்டார். மூன்று விரலையும் அந்தக் குளிர்ந்த மணிக்கட்டில் வைத்தார். வைத்த மறுகணம் துடிப்பு பலமாக எழுந்தது, படபடவென்று. நின்றவர்கள் அவர் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு நெருங்கினார்கள்.

அவர் இல்லையென்று தலையசைத்தார். அது தன்னுடையது. தன் குரலைத் தானே அறிவதைப்போல அதை அவர் அறிவார்.

காத்திருந்தார். ஒன்றுமில்லை.

'இன்னொரு உசுரா?' என்று அந்தச் சொல் வந்தது. வயிற்றில் பிடி இறுகியது. நெஞ்சு அடித்தது. விரல்கள் கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கின. அவர் அதைத் தடுக்கவில்லை, விரட்டவும் இல்லை. வருகிற எல்லாவற்றையும் வரவிட்டு, விரலை வைத்தபடி இருந்தார். தன் துடிப்பு ஒவ்வொன்றாகக் கடந்து போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருந்த அமைதிக்குள் காது வைப்பதைப்போல விரலை வைத்தார்.

அந்த இடைவெளியில் ஏதோ அசைந்தது.

ஆழத்துக் கிணற்றில் ஒரு சொட்டு விழுந்ததைப் போல. அவருடைய கணக்கில் சேராத ஒன்று. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய துடிப்புகள் பல கடந்தன. மறுபடியும் அந்தச் சொட்டு.

"இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றான் அண்ணன். "அம்மா இல்லைனு..."

"இருக்கு. ரொம்பக் கீழே இருக்கு. ஆனா இருக்கு."

உலகம்மை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுபடி கையைப் பிடித்துச் சரிபார்க்கவும் இல்லை. "அடுப்பை மூட்டுங்க!" என்று குரல் கொடுத்தார். ஈரத்துணியை உருவி எறிந்தார்கள். கம்பளியால் சுற்றினார்கள். உலகம்மை அவன் வாயோடு வாய் வைத்து ஊதினார். பெண்டாட்டி சுக்குப்பொடியும் சூடான சாம்பலும் சேர்த்து அவன் உள்ளங்காலில் தேய்த்தாள். கொழுந்து மணிக்கட்டை விடவே இல்லை. "இருக்கு... இருக்கு..." என்று ஒவ்வொரு சொட்டுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாயும்போது மாடக்கண்ணு இருமினான். நுரையும் நீருமாகக் கக்கிவிட்டு, கண் திறக்காமலே, "கம்பளி குத்துது" என்றான்.

அவன் பெண்டாட்டி அப்போதுதான் அழுதாள்.

எல்லோரும் உள்ளே அவனைச் சுற்றி இருந்தார்கள். கொழுந்து வெளியே வந்து, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். உலகம்மை ஒரு குவளைக் கஞ்சியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்க கைக்குக் கிடைக்கலை. நான் மாசக்கணக்கா நாடியே பாக்காதவன். இருக்குனு சொன்னதும் ஒரு வார்த்தை கேக்காம எப்படி நம்பினீங்க?"

உலகம்மை கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க கை அந்த நடுக்கம் நடுங்குச்சு அண்ணாச்சி. அப்பவும் நீங்க கையை எடுக்கலையே."