அலகு நின்ற இடம்

சுமத்ராவில் மேடான் நகரத்து முருகன் கோயில். தைப்பூசம். உறுமி முழங்கிக்கொண்டிருந்தது.

கிரிதரன் ஈர வேட்டியோடு குரு பரஞ்சோதியின் முன்னால் நின்றான். குரு அவனைவிடக் கொஞ்சமே மூத்தவர். விரத நாட்கள் முழுக்க அவரோடு இருந்து பழகியவன் அவன். மறுநாள் அவன் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். அவள் பிழைக்க வேண்டும் என்று கன்னத்தில் அலகு குத்திக்கொள்வதாக நேர்ந்திருந்தான்.

எதிரே கூட்டாளி ரிஸ்கி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நேரலை. ஜகார்த்தா வரைக்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் இப்போது சோறு தின்பதும், ஊர் சுற்றுவதும், அழுவதும் அதில்தான். சாமி கும்பிடுவது மட்டும் தப்புமா.

கிரிதரன் ஆடினான். உடம்பு நடுங்கியது. கண் செருகியது. கூட்டம் அரோகரா போட்டது.

பரஞ்சோதி அவன் கன்னத்தில் விபூதியைத் தேய்த்தார். அலகின் முனையை வைத்தார். எடுத்துவிட்டார்.

"உனக்கு அருள் வரலை. போனை அணைக்கச் சொல்லு. உறுமியைத் திரும்ப முதல்லேர்ந்து அடிக்கட்டும்."

கிரிதரனின் நடுக்கம் சட்டென்று நின்றது.

"இப்ப அணைச்சா சிரிப்பாங்க சாமி. குத்துங்க."

"அருள் இல்லாம குத்தினா ரத்தம் கொட்டும்."

"கொட்டட்டும்."

"பார்க்கிறவங்கள்ல உங்கம்மா இருக்காங்களா?"

"இல்லை. ஆஸ்பத்திரியில போனை வாங்கி வச்சுட்டாங்க."

பின்னால் காவடியோடு நின்ற ஒருவர், "தம்பி, உன் படம் முடிஞ்சா சொல்லு. எங்களுக்கும் சாமி இருக்கு" என்றார்.

ரிஸ்கி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "ஏன் நிறுத்திட்டாங்கன்னு கேக்கிறாங்க."

கிரிதரனின் முகம் கறுத்தது.

"நேர்ச்சை நின்னு, நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா அந்தப் பழி உங்களுக்குத்தான்."

"சரி" என்றார் பரஞ்சோதி. அலகைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

உறுமிக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

"ஆடினேன். நடுங்கினேன். கண்ணும் செருகுச்சு. எனக்கு அருள் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அருள் வந்தவன் முகத்தை நான்தான் பிடிச்சுத் திருப்பணும். நான் தொடறதுக்கு முன்னாடியே நீ கன்னத்தைத் திருப்பிக் குடுத்தே. போன் இருந்த பக்கமா."