திர்சாவின் வசனம்

நேசம் அக்காவிடம் கேள்வியோடு போகிறவர்கள் பதிலோடு திரும்புவது அபூர்வம். ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள். அது தெரிந்தேதான் ஹெப்சிபா போனாள்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அக்காவின் ஆசிரமம் இருந்தது. ஓடு போட்ட ஜெபக்கூடம், வரிசையாகச் சில அறைகள், கதர் உடுத்திய பத்துப் பன்னிரண்டு பேர். கல்யாணத்துக்கு முன் ஹெப்சிபா அங்கே தங்கி அக்காவிடம் பயின்றவள். அக்கா அவளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். ஆனாலும் அக்கா முன்னால் நின்றால் ஹெப்சிபாவின் குரல் இன்றைக்கும் இறங்கிவிடும்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளோடு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் ஜோயல், அடுத்தவள் கெசியா, கடைக்குட்டி ஓபேத். கூடவே இரண்டு பெரிய பைகள்.

மருதாணி வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்த அக்கா வந்து ஒரு பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னட்டி இது, கல்லா?"

"பாடப் புத்தகம் அக்கா."

"பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தது சரி. இதை எதுக்குச் சுமந்துட்டு வந்தே?"

"எதை வச்சுக்கிடணும்னு நீங்கதான் சொல்லணும்."

ஹெப்சிபாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே, வேத வசனத்தோடு சேர்த்துப் படிக்க வைப்பது என்று அவளும் கணவன் தனசீலனும் முதல் பிள்ளை பிறக்கும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சபையில் சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஜோயலும் கெசியாவும் தங்குதடையில்லாமல் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வாய்கள் மூடின. இப்போது ஓபேத்துக்கு ஏழு வயது நடக்கிறது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மூடிய வாய்கள் மறுபடியும் திறந்துவிட்டன.

"ஜூன் மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லைன்னா மூணு பேரையும் பள்ளிக்கூடத்துல சேர்த்துருவேன்னு இவங்க அப்பா சொல்லிட்டாங்க அக்கா."

"அவன் சொல்லுறது நியாயம்தானே?"

"நியாயம்தான். ஆனா குறை பிள்ளைகிட்ட இல்லை, பாடத்திட்டத்துல இருக்கு. சரியானது ஒண்ணு கிடைச்சிட்டா இவனும் படிச்சிருவான்."

அக்கா வேலியோரம் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். முதலில் வெளிநாட்டுப் புத்தகம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் பனியும் ஆப்பிள் மரமும்.

"உன் பிள்ளைங்க பனியைப் பார்த்திருக்காங்களா?"

"ஃப்ரிட்ஜுல பார்த்திருக்காங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அடுத்தது பெங்களூரில் அச்சடித்தது. பாடத்துக்கொரு வசனம், பாடத்துக்கொரு ஜெபம். அதற்கடுத்து அரசாங்கப் பாடநூல். அடியில் இன்னும் இரண்டு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காதவை.

"இதுல என்ன குறை?"

"வெளிநாட்டுல உள்ளது இவனுக்கு ஒட்டலை. பெங்களூர் புத்தகம் ரொம்ப வேகம். அரசாங்கப் பாடத்துல வசனம் கிடையாது. ஒவ்வொண்ணையும் ஆரம்பிச்சுப் பார்த்துட்டேன் அக்கா. கொஞ்ச நாள் போனதும் இது சரிப்படாதுன்னு தோணிரும். அடுத்ததை முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்."

"முதல்ல இருந்துன்னா?"

"அ ஆ-வுல இருந்துதான்."

பக்கத்தில் மருதாணிக் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஓபேத், தன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பிறகு க முதல் ன வரை. தடுமாற்றமே இல்லை. வருஷக்கணக்கில் வாசிப்பின் வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டே இருந்த பிள்ளை அவன்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் இரு. இங்கேயே சொல்லிக்கொடு, நான் பார்க்கேன்."

மறுநாள் காலையில் ஜெபக்கூடத்துத் தரையில் பாய் விரித்துப் பாடம் நடந்தது. ஜோயலுக்குக் கணக்கு, கெசியாவுக்கு ஆங்கிலம். பொறுமையாக, அழகாகச் சொல்லிக்கொடுத்தாள் ஹெப்சிபா. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கே திருப்தி. ஓபேத்தின் முறை வந்ததும் களிமண்ணை எடுத்தாள். யானை செய்யச் சொன்னாள். ஒரு பாட்டுப் பாட வைத்தாள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து எழுத்துகளைக் காட்டினாள். இரண்டு எழுத்தைச் சேர்த்து அவன் ஒரு சொல்லாக்கப் பார்த்தபோது, "போதும் ராசா, போய் விளையாடு" என்று மூடிவிட்டாள்.

"ஏன் மூடிட்டே?" என்றாள் அக்கா.

"அவனுக்கு இன்னும் பக்குவம் வரலை. ஏழு வயசு வரைக்கும் அவசரப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுதாங்க."

"யாரு?"

"வீட்டுல வச்சுச் சொல்லிக்கொடுக்கிறவங்க எல்லாரும்தான்."

"மூத்தவன் எத்தனை வயசுல வாசிச்சான்?"

"அஞ்சுல."

அக்கா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சாயங்காலம் விளக்கேற்றி ஒரு கீர்த்தனை பாடினார்கள். பிறகு வேதவாசிப்பு. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசித்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். ஹெப்சிபா வீட்டிலும் குடும்ப ஜெபம் அப்படித்தான் நடக்கும். வாசிக்கத் தெரியாத பிள்ளை கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சொந்தமாக ஒரு வசனம் வாசித்துவிட்டால் அன்றைக்கே வட்டத்தில் அதற்கும் ஒரு முறை கிடைத்துவிடும். தனசீலன் புது வேதப்புத்தகம் வாங்கி வருவான். ஹெப்சிபா சேமியாப் பாயசம் வைப்பாள்.

வாசிப்பு சுற்றிவந்தது. ஜோயல் ஒரு வசனம் வாசித்தான். கெசியா அடுத்ததை வாசித்தாள். ஹெப்சிபா அதற்கடுத்ததை வாசித்தாள். ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, அதற்கும் அடுத்த வசனத்தையும் அவளே வாசித்தாள். பிறகுதான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள்.

பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஓபேத் மட்டும் அம்மாவின் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்து இருவரும் தட்டுக் கழுவும்போது அக்கா கேட்டாள்.

"நீ ரெண்டு வசனம் வாசிச்சியே."

ஹெப்சிபா தேய்த்த தட்டையே மறுபடியும் தேய்த்தாள்.

"முதல்ல வாசிச்சது திர்சாவோடது அக்கா."

திர்சா அவளுடைய மூன்றாவது பிள்ளை. கெசியாவுக்கு அடுத்தவள், ஓபேத்துக்கு முந்தினவள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழை விட்ட நாட்களில், ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. வாசிக்கத் தெரிந்து, வட்டத்தில் முறை கிடைத்து, ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் அந்தப் புது வேதப்புத்தகத்தை அவள் கைப்பக்கம் வைத்தது ஹெப்சிபாதான். அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாமல் அடுப்படியில் நின்று எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

"தினமுமா வாசிக்கே?"

"தினமும்தான். அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு ஜெபத்துல, கெசியா வாசிச்சு முடிச்சதும் யாரும் பேசலை. அந்த அமைதி என்னால தாங்க முடியலை. நான் வாசிச்சிட்டேன். அதுல இருந்து அப்படியே போகுது."

"தனசீலன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்க தலை குனிஞ்சுகிடுவாங்க."

அக்கா தட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். ஈரமாகியிருந்த சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, வியர்வையா என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தன் கண்ணே மறைத்தது.

அடுத்த நாள் சாயங்காலம், எல்லாரும் உட்காரும்போது அக்கா ஓபேத்தைக் கூப்பிட்டாள். கெசியாவுக்கும் ஹெப்சிபாவுக்கும் நடுவில் அவனை உட்கார வைத்தாள். தன்னுடைய பெரிய எழுத்து வேதப்புத்தகத்தை அன்றைய பகுதியில் திறந்து அவன் மடியில் வைத்துவிட்டு, ஹெப்சிபாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஜோயல் வாசித்தான். கெசியா வாசித்தாள்.

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். அக்காவின் கை அவள் கையின் மேல் வந்து அமர்ந்தது.

"உன் முறை இன்னும் வரலை."

கூடம் அமைதியாக இருந்தது. ஹெப்சிபா இரண்டு வருஷமாகத் தப்பித்து வந்த அதே அமைதி. அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அக்காவின் மேல் ஆத்திரமாகக்கூட வந்தது. வேலியும் மாடும் மட்டுமே வளர்த்தவளுக்குப் பெற்ற வயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். ஆனால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

ஓபேத் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, திர்சா அக்காவோடதை நான் வாசிக்கட்டுமா?"

அவன் மெல்லத்தான் கேட்டான். அனுமதி கேட்கிற குரல் அது. எத்தனை நாளாக அதைக் கேட்கக் காத்திருந்தானோ, பிள்ளைக்கே வெளிச்சம். ஹெப்சிபாவின் கண் அவன் மடியிலிருந்த புத்தகத்துக்குப் போனது.

அவன் கொஞ்சம் பார்த்தான். பிறகு குனிந்து, எழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"அ... வ... ர். அவர்."

ஒரு சொல் ஆனது. அடுத்த சொல்லும் ஆனது. மூன்றாவது சொல்லில் இரண்டு எழுத்து வந்து நின்றுவிட்டது. விரல் அங்கேயே இருந்தது. கெசியா சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். அக்கா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். ஓபேத்தின் காது சிவந்துகொண்டே வந்தது. உதடு பிதுங்க ஆரம்பித்தது.

ஹெப்சிபா அதற்கு மேல் பொறுக்கவில்லை. குனிந்து, அவன் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, அந்த எழுத்தைச் சொன்னாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு சொல்லை முடித்தான். அடுத்ததில் மறுபடியும் நின்றான். மறுபடியும் சொன்னாள். சின்ன வசனம்தான். ஆனால் அதை முடிப்பதற்குள் அவள் கண்ணீர் அவன் தலைமயிரில் சொட்டி நனைத்துவிட்டது. அவன் தலையைத் துடைக்கக்கூட நிமிரவில்லை.

பிறகு ஹெப்சிபாவின் முறை. அவள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவளுடைய வசனத்தை அப்படியே விட்டுவிட்டு, அக்கா அதற்கடுத்ததை வாசித்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஜோயல் ஒரு பையையும் அக்கா இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ஓபேத் வழியெல்லாம் கிடைத்த எழுத்தையெல்லாம் கூட்டிக்கொண்டே நடந்தான். பம்ப்செட் சுவரில் உர விளம்பரம், மைல்கல்லில் ஊர்ப்பெயர். தப்பும் சரியுமாகச் சத்தம் போட்டு வாசித்தான். கெசியா திருத்தினாள்.

ஹெப்சிபா அக்காவோடு பின்தங்கி நடந்தாள்.

"நேத்து அவன் வாசிச்சு முடிச்சதும் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு அக்கா. அடுத்த நிமிஷமே திர்சா நினைப்பு வந்துட்டு. இனி வீட்டுல அவ வசனத்தை இவன் வாசிச்சிருவான். நான் வாசிக்க ஒண்ணுதான் இருக்கும்."

"ஆமா."

"அதை நான் எப்படித் தாங்குவேன்?"

"எனக்குத் தெரியலை, ஹெப்சி."

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. பிள்ளைகள் ரோட்டோரம் ஒதுங்கி நின்றார்கள். ஹெப்சிபா பையை வாங்கிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

"கேட்க வந்ததுக்கு நீங்க பதிலே சொல்லலையே அக்கா. எந்தப் பாடத்திட்டத்தை வச்சுக்கிட?"

"எது கைக்கு வருதோ அதை வச்சுக்கோ, பாதியில மூடாதே. திர்சாவுக்குப் பாடம் முடிஞ்சுபோச்சும்மா. இவனுக்கு நீ இன்னும் தொடங்கவே இல்லை."