மூன்று முத்திரை ஓலை

முன்னொரு காலத்தில் நெல்லூற்று நாட்டைச் சண்டப்பிரதாபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுவார். யாராவது நினைவூட்டினால் கோபித்துக்கொள்வார். மற்றபடி நல்லவர்தான், தன் பஞ்சவர்ணக் கிளி பேசும்போது குறுக்கே யாரும் பேசாமல் இருந்தால் போதும்.

அவருடைய அமைச்சர் ஏகம்பர். எந்தச் சிக்கலான வழக்கையும் நாலே வார்த்தையில் தீர்த்து, ராஜாவைச் சிரிக்கவும் வைத்துவிடுவார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அரண்மனை அதிகாரி நாகதேவருக்கு வயிறு எரியும். இருபது வருஷமாகக் கைகட்டி நின்றும் அவருக்கு ராஜாவின் ஒரு புன்னகைகூடக் கிடைத்ததில்லை. பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தை அவர் ஊர்மேல் இறக்கிவைத்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விதிகளாக எழுதித் தள்ளினார் மனுஷர். தலைப்பாகை ஏழு சுற்றுத்தான் இருக்க வேண்டும். அரசரைச் சிரிக்க வைக்க நினைப்பவர், சொல்லப்போகும் வேடிக்கையை முந்தின நாளே எழுதிக் காட்ட வேண்டும். தண்ணீர் குடிக்க ஓலை, அரண்மனை வாசலைத் தாண்ட ஓலை. ஒவ்வோர் ஓலைக்கும் மூன்று முத்திரை. ராஜா கிளிக்குக் கொய்யா ஊட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார்.

ஒருநாள் காலையிலிருந்து வழக்குக் கேட்டு ஏகம்பருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் ஓலைக்கு இரண்டு முத்திரை விழுந்தது. மூன்றாவது முத்திரை நாகதேவரிடம் இருந்தது. அவரோ, தலைப்பாகையில் ஆறு சுற்றுத்தான் இருக்கிறது, அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வாரும் என்றார். ஏகம்பர் அவிழ்த்தார். ஆனால் கட்டவில்லை. தலைப்பாகையை நாகதேவரின் மேசைமேல் வைத்துவிட்டு, நேரே ராஜாவிடம் போய், வேலையை விட்டுப் போகிறேன் என்றார். கிளி அப்போதுதான் ஏதோ பேசத் தொடங்கியிருந்தது. "போய் வாரும், போய் வாரும்" என்று கையசைத்தார் ராஜா.

வீடு போய்ச் சேர்ந்த ஏகம்பர் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் இன்னொரு சொம்பு. பல வருஷப் பாரம் தோளைவிட்டு இறங்கியது போலிருந்தது அவருக்கு.

எதிரி ஒழிந்தான் என்று நாகதேவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்கே இருந்தார்! ஏகம்பர் ஏரிக்கரையில் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறாராம் என்று யாரோ சொல்ல, பார்த்தே தீர வேண்டும் என்று தாழம்புதருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பார்த்துவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் போனார். நாற்பது நாள் போனார். நாற்பத்தோராம் நாள் ராஜாவிடம் வந்து நின்றார்.

"மன்னா, ஏகம்பர் மூன்று முத்திரை ஓலை இல்லாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வாய்வார்த்தை விதியில் செல்லாது. பிடித்து வந்து, இனி ஆயுள் முழுக்க வாசலைத் தாண்டாமல் வேலை செய்ய வைக்க வேண்டும்."

தான் விடை கொடுத்ததே ராஜாவுக்கு நினைவில்லை. ஆள் அனுப்பினார். ஈரத் தலையோடு வந்து நின்ற ஏகம்பரின் முகத்தில் அப்படியொரு தெளிவு. அதைப் பார்த்ததும் ராஜாவுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"அப்படி என்னதான் செய்கிறார் இவர்?" என்று கேட்டார்.

நாகதேவர் அடுக்கத் தொடங்கினார். சூரியன் உச்சிக்கு வந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார், அப்புறம் மருதமரத்தடியில் பலாச்சுளை தின்கிறார், பிறகு குறட்டை விடுகிறார், ஒருநாள் கூடத் தவறவில்லை.

ஏகம்பருக்கு உள்ளூரப் பயம்தான். ஆயுள் முழுக்க அந்த வாசலுக்குள் என்றால் சும்மாவா? ஆனாலும் பணிவாகக் கேட்டார்:

"அதிகாரி சொன்னதில் ஒரு சுளைகூடப் பிசகில்லை, மன்னா. இவ்வளவையும் பார்த்தது யார்?"

"நான்தான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன்."

"பட்டப்பகலில், நாற்பது நாளுமா?"

"நாற்பது நாளும்."

"அப்படியானால் வாசலில் வாங்கிக் கோத்து வைத்திருக்கும் ஓலைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மன்னா. அதிகாரியின் பெயரில் நாற்பது இருக்க வேண்டும்."

கொண்டுவந்தார்கள். ஒன்றுகூட இல்லை. நாகதேவர் மார்பை நிமிர்த்தி, "விதியை எழுதியவனே நான். எனக்கு எதற்கு ஓலை?" என்றார்.

ராஜா விதியை வாசிக்கச் சொன்னார். 'அரண்மனையில் உள்ள எவராயினும்' என்றிருந்தது. சபையில் ஒருவர் களுக்கென்று சிரிக்க, ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு தடவை தாண்டியவருக்கு என்ன தண்டனை என்று நீரே சொல்லிவிட்டீர். நாற்பது தடவை தாண்டிய உமக்கு அதுவே போதும். இனி நீர் ஆயுள் முழுக்க இந்த வாசலுக்குள்தான். இது ராஜ கட்டளை" என்றார். ஏகம்பரைப் பார்த்து, திரும்பி வந்தால் தலைமை அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார்.

"எனக்கு விடை ஓலை ஒன்று போதும், மன்னா."

மூன்று முத்திரையும் ராஜாவே குத்திக் கொடுத்தார்.

மறுநாள் உச்சிவேளையில் ராஜா தோளில் துண்டோடு வாசலுக்கு வந்தார். வாயிற்காவலன் விழுந்து கும்பிட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான், "மன்னா, ஓலை?"

ராஜா விதி ஓலைகள் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போடச் சொன்னார். தலைப்பாகையைக் கழற்றிக் காவலன் கையில் கொடுத்துவிட்டு ஏரிக்கு நடந்தார்.

விதியெல்லாம் எரிந்து போயிற்று. வாய்வார்த்தையாக இட்ட ராஜ கட்டளை மட்டும் எரியவில்லை. ஏரியில் ஏகம்பர் ராஜாவுக்கு முதுகு தேய்த்துவிடுவதையும், ராஜா விழுந்து விழுந்து சிரிப்பதையும் நாகதேவர் அரண்மனை மாடத்தில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.