பதினான்காயிரம் புதன்கள்

அந்தக் காலத்தில் கோள்களுக்கும் வாய் இருந்தது; சனிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள இடம் தனக்குத்தான் வேண்டும் என்று ஒருநாள் அவன் அடம்பிடித்தான்.

அந்த இடத்தில் இருந்தவன் புதன், கோள்களிலேயே சின்னவன். பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலைத் தாங்கிய இடத்தை விட்டுவிட்டு சனி இருந்த தொலைதூர இருட்டுக்குள் போக அவனுக்கு மனமே இல்லை.

"இங்க கெட்டியான ஆள்தான் இருக்கணும். லேசானவன் என் சூட்டுல ஆவியாப் போயிடுவான்," என்றான் சூரியன். யார் கெட்டி என்று சொல்லும் பொறுப்பு வெகு தொலைவில் இருந்த சுவாதி நட்சத்திரத்துக்குப் போனது.

அவ்வளவு தூரத்திலிருந்து சுவாதி யாரைத் தொட்டுப் பார்ப்பாள்? இருவரையும் தனித்தனியாக, ஒரே தூரத்தில், சூரியனைச் சுற்றிவரச் சொன்னாள். சூரியன் முகத்தை அவர்கள் மறைத்த அளவில் பருமனைக் கண்டுகொண்டாள். அவர்கள் இழுத்த இழுப்பில் சூரியன் ஆடிய ஆட்டத்தில் எடையைக் கண்டுகொண்டாள்.

"பருமன்லயும் சனி, எடையிலயும் சனி," என்றாள்.

"மூட்டையக் கட்டு தம்பி," என்று சனி சிரித்தான்.

புதனுக்கு அழுகை முட்டியது. ஆனால் தனக்குள் இருப்பது இரும்பு என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தெம்பில் கேட்டான்: "அக்கா, அண்ணனுக்குள்ள என்னை மாதிரி எத்தனை பேர் அடங்குவாங்க?"

சுவாதி வாய் திறக்குமுன் சனி முந்திக்கொண்டான். "பதினான்காயிரம் பேர்டா. எண்ணிப் பாத்துக்கோ."

"அண்ணன் எடைக்கு எத்தனை புதன் வேணும் அக்கா?"

சுவாதி கணக்குப் போட்டாள். "ஆயிரத்து எழுநூறு..." என்றவள் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். "பதினான்காயிரம் பேர் இடத்தை அடைச்சுக்கிட்டு ஆயிரத்து எழுநூறு பேர் எடைதானா? சனி, உனக்குள்ள பெரும்பாலும் காத்துதான்பா. இந்தச் சின்னவன்தான் இரும்பு."

சனி வந்த வழியே திரும்பினான். புதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அவ்வளவு பெருமை அந்தச் சின்ன உடம்புக்குள் எப்படி அடங்கியது என்று சூரியனுக்கே வியப்பு.

அன்று முதல்தான், எந்த நட்சத்திரத்தின் அருகே புதிய கோள் ஒன்று தென்பட்டாலும், அதன் பெரிய உருவத்தைப் பார்த்து வானியலாளர் யாரும் மயங்குவதில்லை. எடையைப் பருமனால் வகுத்துப் பார்த்த பிறகே அது காற்றா, கல்லா, இரும்பா என்று சொல்கிறார்கள்.