மோர் கேட்ட தமுக்கும் ஆடு தின்ற குடையும்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, ராஜா எப்போது வருவார் என்று வாசலைப் பார்க்காதீர்கள். இந்தக் கதையில் குடை உண்டு, ராஜா கிடையாது.

வெகு காலத்துக்கு முன்னால், புங்கந்துறை என்ற ஊரில் கந்தப்பச் செட்டி என்று ஒரு குடை வியாபாரி இருந்தான். பனை ஓலையில் அவன் முடைந்த குடைக்குள், ஓர் ஆளும் அந்த ஆளின் தோளில் ஓர் ஆட்டுக்குட்டியும் நனையாமல் நிற்கலாம். கை அவ்வளவு நல்ல கை. ஆசைதான் கொஞ்சம் அகலம்.

புங்கந்துறைச் சந்தையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஐப்பசி முதல் நாள் சந்தைத் தலைவர் கடை கடையாக வந்து பார்ப்பார். சரக்குத் தேங்கிக் கிடந்தால் அந்தக் கடையைக் காலி செய்துவிட வேண்டும். தேங்கிய சரக்கில் கரையான் ஏறும், ஒரு கடையில் ஏறியது சந்தை முழுக்கப் பரவும் என்று அந்த ஊருக்குப் பயம்.

அந்த வருஷம் செட்டியின் கடையில் குடைகள் கூரையைத் தொட்டன. புரட்டாசியும் பிறந்துவிட்டது. கடை போனால் பிழைப்புப் போய்விடும்.

ஊருக்குச் சேதி சொல்லும் தமுக்கு மாரப்பனைச் செட்டி கூப்பிட்டான். மாரப்பன் விசித்திரமான ஆள். என்ன கேட்கிறோமோ அதை முடித்துக் கொடுப்பான். அதற்கு மேல் ஒரு தட்டுக்கூடத் தட்ட மாட்டான். கூலி ஒரு குடம் மோர்.

"மாரப்பா, ஊரெல்லாம் என் பேரு தெரியோணும்" என்றான் செட்டி.

மாரப்பன் தெருத் தெருவாகப் போனான். டம் டம் டம்! "கந்தப்பச் செட்டி! கந்தப்பச் செட்டி! கந்தப்பச் செட்டி!" அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஊரில் தமுக்கடித்து ஒருவர் பேரை மட்டும் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மத்தியானத்துக்குள் மாலையும் கையுமாக ஊரே செட்டி வீட்டு வாசலில் வந்து அழுதது. உள்ளே செட்டி ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். மாலை வாங்கி வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குடை ஒன்றும் விற்கவில்லை. மாரப்பன் வந்து நின்றான். "சொன்னது நடந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"நடந்துச்சு" என்று பல்லைக் கடித்தான் செட்டி.

"அப்ப மோரைக் குடுங்க."

செட்டி அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டான். "பேரு கிடக்கட்டும். கடை முன்னாடி கூட்டம் சேரோணும்!"

டம் டம் டம்! "செட்டியார் கடை முன்னால கிடாய்ச் சண்டை!" கூட்டமென்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. அத்தனை பேரும் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டையைப் பார்த்தார்கள். தோற்ற கிடாய் மட்டும் கடைக்குள் புகுந்து ஒரு குடையை ருசி பார்த்தது.

கிடாய்க்காரன் பின்னாலேயே ஓடிவந்தான். ஆற்றுக்கு அக்கரையில் பட்டி போட்டு ஆடு மேய்ப்பவன் அவன். வந்தவன் குடைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "ஏனுங்க, இதுக்குள்ள குட்டியும் நனையாதுங்களா?"

"முதல்ல உன்ற கிடாயைப் புடிச்சுட்டு நடையைக் கட்டு!" என்று விரட்டினான் செட்டி.

மாரப்பன் வந்தான். "சொன்னது நடந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"நடந்து தொலைச்சுது."

"அப்ப மோரைக் குடுங்க."

வீட்டில் செட்டி, "அந்தத் தமுக்குக்காரன் என்னை ஏமாத்திப்போட்டான்!" என்று குதித்தான். அவன் பெண்டாட்டி பாவாயி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "அது கிடக்கட்டுங்க. சந்தைக்குப் போய் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"என்ன வாங்கறது?"

"என்னமோ வாங்குங்க."

"எத்தனை?"

"நெறையா."

"எப்பத்துக்கு வேணும்?"

"சட்டுன்னுதான்."

"இப்படி மொட்டையாச் சொன்னா நான் என்னத்தைன்னு வாங்கறது?" என்று கத்தினான் செட்டி. கத்திய பிறகுதான், தானும் மாரப்பனிடம் இப்படித்தானே மொட்டையாகச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பாவாயி திரும்ப அடுப்பை ஊதினாள்.

செட்டி உட்கார்ந்து யோசித்தான். அத்தனை கூட்டத்தில் குடையைப் பார்த்தவன் ஒரே ஒருவன். அவனையும் விரட்டிவிட்டோமே! வெட்கத்தில் அவன் காது சிவந்தது.

மறுநாள் மாரப்பனிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். "அக்கரையில பட்டி போட்டிருக்கிற ஆட்டுக்காரங்க வாங்கோணும். ஆளுக்கொரு குடை வாங்கோணும். ஐப்பசி பொறக்கறதுக்குள்ள வாங்கோணும்."

"ஊருக்குள்ள அடிக்க வேண்டாமுங்களா?"

"ஒரு தட்டும் வேண்டாம். குட்டி நனையாதுன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லு. அந்தக் கிடாய்க்காரனைக் கண்டா, நான் பேசுனது தப்புன்னு சொல்லு."

மாரப்பன் ஆற்றைத் தாண்டினான். டம் டம் டம்! மழையில் குட்டிகளைப் பறிகொடுத்து வருஷா வருஷம் கலங்கும் ஆட்டுக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கடைக்கு முதலில் வந்தவன் கிடாய்க்காரன்தான். தோளில் குட்டியைப் போட்டுக் குடையைப் பிடித்தான். பாவாயி அந்தக் குடையின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். குட்டி காதைக்கூட உதறவில்லை. அப்புறம் என்ன? இன்று ஐந்தாறு பேர், நாளை ஐந்தாறு பேர் என்று வந்து வாங்கிப் போனார்கள்.

ஐப்பசி முதல் நாள் சந்தைத் தலைவர் வந்தார். கடையில் மிஞ்சியிருந்தது ஒரே குடை, கிடாய் தின்ற குடை. "இது தேங்கின சரக்கில்லையா?" என்று அதைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. தலைவர் அதையே விரித்துக்கொண்டு கிளம்பினார். கிடாய் கடித்த ஓட்டை வழியாக மழை நேராக அவர் மூக்கில் இறங்கியது.

"செட்டி, கடை உனக்குத்தானப்பா" என்றார் மூக்கைத் துடைத்தபடி. "எனக்கொரு நல்ல குடை முடைஞ்சு குடு."

மாரப்பன் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். "சொன்னது நடந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"அதான் தெரியுதே, மாரப்பா. இந்தா மோர், ரெண்டு குடம்!"

மாரப்பன் ஒரு குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

ஆகையால் கேட்டவர்களே, யாருக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்று தெளிவாகக் குறி வைக்காமல் தமுக்கடிக்கிற வியாபாரிக்குச் சத்தம்தான் மிஞ்சும், சரக்கு நகராது.